ஜீன் அதேதான், வெட்டி ஒட்டுற விதம்தான் வேற: நியூரோபிளாஸ்டோமாவும் ஸ்ப்ளைசிங்கும்

எங்க அபார்ட்மென்ட்ல மேல் வீட்டு அக்கா போன மாசம் வாட்ஸாப்ல ஒரு ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பினாங்க. அவங்க தங்கச்சி பையனோடது, ரெண்டு வயசு, வயித்துல கட்டி, நியூரோபிளாஸ்டோமான்னு சொல்லிட்டாங்க. கூடவே ஒரு ஜீன் டெஸ்டும் எடுத்திருக்காங்க, அதுல நோய்க்கு காரணமா சொல்ற மாதிரி மியூட்டேஷன் எதுவும் இல்லைன்னு ஒரு வரி. அக்கா கேட்டது இதுதான்: "ஜீன்ல தப்பே இல்லன்னா அப்புறம் எப்படிப்பா கேன்சர் வரும்? டெஸ்ட் தப்பா எடுத்துட்டாங்களா?"

நான் படிச்சது பயோடெக், பாக்குற வேலை கம்ப்யூட்டர்ல, நம்ம ஊர்ல பயோடெக் படிச்ச பாதிப்பேர் கதை இதுதான். அதனால டாக்டர் மாதிரி பதில் சொல்ல எனக்கு தகுதி இல்ல. ஆனா அக்கா கேட்டது ரொம்ப சரியான கேள்வி, அந்த கேள்விக்கு உள்ள போனா பள்ளிக்கூடத்துல நமக்கு சொல்லித்தராத ஒரு விஷயம் இருக்கு, அதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல இந்த கட்டி என்னன்னு பாத்துடலாம். நியூரோபிளாஸ்டோமான்னு பேர்ல நரம்பு இருக்குறதால எல்லாரும் மூளைக் கட்டின்னு நினைச்சுக்கறாங்க, அது இல்ல. கரு வளரும்போது முதுகுப்பக்கம் ஒரு விளிம்புல இருந்து கொஞ்சம் செல்லுங்க கிளம்பி உடம்பு பூரா போய் குடியேறும், அதுல ஒரு கூட்டம் கிட்னி மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பிக்குள்ள போகும், இன்னொரு கூட்டம் முதுகெலும்பு ஓரமா இருக்கற நரம்பு முடிச்சுகளா மாறும். நாய் துரத்தும்போது நெஞ்சு படபடன்னு அடிக்குது பாருங்க, அந்த வேலைய பாக்குற நரம்பு இதுங்கதான். குடியேறின எடத்துல ஒழுங்கா வளர்ந்து பெரிய ஆளாகாம, பாதிப் பருவத்துலயே நின்னு, பெருகிக்கிட்டே மட்டும் இருந்தா அதுதான் நியூரோபிளாஸ்டோமா. அதனாலதான் வயித்துல கட்டின்னு தெரியுது, சில குழந்தைங்களுக்கு கண்ணச் சுத்தி அடிபட்ட மாதிரி கருப்பு வளையம் வருது, யூரின்ல அட்ரினலின் குடும்பத்து கழிவு அதிகமா இருக்கான்னு டெஸ்ட் எடுக்கறாங்க. ஒரு வயசுக்குள்ள வர்ற கேன்சர்ல இதுதான் முதலிடம், மூளைக்கு வெளிய குழந்தைங்களுக்கு வர்ற கெட்டிக் கட்டிகள்லயும் இதுதான் அதிகம்.

இந்த நோய்கிட்ட ஒரு விசித்திரம் இருக்கு. சில கைக்குழந்தைங்களுக்கு கல்லீரல், தோல் வரைக்கும் பரவி இருக்கும், பாத்தா பயமா இருக்கும், ஆனா பெருசா மருந்தே குடுக்காம அதுவா கரைஞ்சு போயிடும். ஜப்பான்ல 1980கள் நடுவுல இருந்து ஆறு மாச குழந்தைங்க எல்லாருக்கும் யூரின் டெஸ்ட் எடுத்து இந்த நோய முன்கூட்டியே பிடிக்கப் பாத்தாங்க, நிறைய பிடிக்கவும் செஞ்சாங்க, ஆனா பிடிச்சதுல நிறைய தானா கரையுற வகைதான், கனடாவுலயும் ஜெர்மனியிலயும் இதே மாதிரி செஞ்சு பாத்து அதனால சாவு குறையலன்னு 2002ல சொன்னாங்க, அப்புறம் ஜப்பான்லயும் நிறுத்திட்டாங்க. இன்னொரு பக்கம் ஒன்றரை வயசுக்கு மேல வந்து எலும்பு வரைக்கும் பரவுற வகை இருக்கு, அதுக்கு கீமோ, ஆபரேஷன், ஸ்டெம் செல், ரேடியேஷன், இம்யூனோதெரபின்னு எல்லாத்தையும் குடுத்தும் பாதி குழந்தைங்களத்தான் காப்பாத்த முடியுது. ஒரே பேர், ஒரே வகை செல்லு, ஒண்ணு தானா மறையுது, இன்னொண்ணு உயிர எடுக்குது.

அப்ப வித்தியாசம் ஜீன்ல இருக்கணும்ல? அப்படித்தான் எல்லாரும் தேடினாங்க. 2013ல ஆபத்தான வகை உள்ள 240 குழந்தைங்களோட கட்டிய எடுத்து ஜீன் எல்லாத்தையும் படிச்சாங்க. கிடைச்சது ரொம்ப கம்மி. அதிகமா மாறியிருந்த ஜீன் ஏ-எல்-கேன்னு ஒண்ணு, அதுவே 100ல 9 குழந்தைங்களுக்குத்தான் இருந்துச்சு, அடுத்தடுத்த ஜீனுங்க 3 சதவீதத்துக்கும் கீழ. பீடி குடிச்சு வர்ற நுரையீரல் கேன்சரோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல, அங்க 40 வருஷ புகை ஜீன்ல ஆயிரக்கணக்குல கிறுக்கி வச்சிருக்கும், ரெண்டு வயசு குழந்தைக்கு கிறுக்க நேரமே இல்லையே. ஆக அக்கா கையில இருந்த ரிப்போர்ட் தப்பு இல்ல, நிறைய குழந்தைங்களுக்கு அப்படித்தான் வரும். அந்த டெஸ்ட் பாக்குறது ஜீன்ல எழுத்துப்பிழை இருக்கான்னு. எழுத்து எல்லாம் சரியா இருந்தும் படிக்கிறவன் எங்க விட்டு எங்க சேத்து படிக்கிறான்ங்கறத அது பாக்காது.

இங்கதான் ஸ்ப்ளைசிங் வருது. வீட்டுக்கு ஃபைபர் நெட் போட வர்ற தம்பிங்க ஒரு சின்ன மெஷின எடுத்து ரெண்டு கேபிள் முனைய ஒட்டுவாங்கல்ல, அதையும் ஸ்ப்ளைசிங்னுதான் சொல்வாங்க, வெட்டி முனைய சேக்குறது. ஒண்ண மட்டும் சொல்லிடறேன், ஜீன் ஸ்ப்ளைசிங்னு தேடினா பாதி எடத்துல மரபணு மாற்றுன கத்திரிக்காய் பத்திதான் வரும், அது மனுஷன் லேப்ல வேற உயிரோட ஜீன வெட்டி ஒட்டுறது. நான் சொல்றது அது இல்ல. இது நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் இந்த நிமிஷமே தானா செஞ்சிக்கிட்டு இருக்கற வேலை.

ஒரு உதாரணம். எங்க வீட்டு செவுத்துல எங்கப்பா எழுதி ஒட்டின ஒரு சீட்டு இருக்கு: "தொட்டி காலியானா மட்டும் மோட்டார போடு." இத ஜீன் எப்படி எழுதி வச்சிருக்கும்னா இப்படி:

தொட்டி கசகசதபதபகச காலியானா பபபகததகசபத மட்டும் சதசதபகபககக மோட்டார ததபசகசகபப போடு

நடுவுல இருக்கற கசகசதபதபங்கறது இன்ட்ரான், அர்த்தமுள்ள வார்த்தைங்க எக்ஸான். இது நம்ம ஜீனுக்கு சும்மா சொல்ற ஒப்புமை இல்ல, நிஜமாவே இப்படித்தான் இருக்கு, சொல்லப்போனா இன்னும் மோசம். தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின்னு ஒரு ஜீன் இருக்கு, 22 லட்சம் எழுத்து, அத 79 துண்டா எடுத்து சேத்தா கடைசில மிஞ்சுறது வெறும் 14,000 எழுத்துதான். மத்தது எல்லாம் வெட்டி எறியறதுக்கு. டிஎன்ஏல இருந்து முதல்ல எல்லாத்தையும் அப்படியே ஆர்என்ஏவா காப்பி எடுக்கும், அப்புறம் ஸ்ப்ளைசோசோம்னு ஒரு கூட்டம் வந்து உக்காரும், அஞ்சு குட்டி ஆர்என்ஏவும் நூத்துக்கும் மேல புரதமும் சேந்த கூட்டம், இன்ட்ரானோட ரெண்டு முனையில இருக்கற அடையாளத்த தடவிப் பாத்து, நடுவ சுருக்குக்கயிறு மாதிரி வளைச்சு அறுத்துப் போட்டுட்டு, ரெண்டு பக்க எக்ஸானையும் ஒட்டும். ஒட்டி முடிச்சப்புறம் இருக்கற அந்த சுத்தமான வாக்கியத்த பாத்துத்தான் செல்லு புரதம் செய்யும்.

இத கண்டுபிடிச்சது 1977ல, அமெரிக்காவுல ஃபிலிப் ஷார்ப் ஒரு பக்கம், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இன்னொரு பக்கம், ரெண்டு பேரும் தனித்தனியா, சளி பிடிக்க வைக்கிற அடினோவைரஸ வச்சு. வைரஸோட ஆர்என்ஏவ அதோட டிஎன்ஏ மேல ஒட்ட வச்சு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒழுங்கா பொருந்தாம நடுநடுவுல டிஎன்ஏ வளையம் வளையமா தூக்கிக்கிட்டு நின்னுச்சு. அந்த வளையம்தான் வெட்டப்பட்ட பகுதி. அதுவரைக்கும் ஜீன்னா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே நீட்டா இருக்கும்னுதான் எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. 1993ல ரெண்டு பேருக்கும் நோபல் குடுத்தாங்க. எக்ஸான், இன்ட்ரான்ங்கற பேர வச்சது வால்டர் கில்பர்ட், 1978ல.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். வெட்டுறவன் எல்லா எக்ஸானையும் வச்சுக்கணும்னு கட்டாயம் இல்ல. மேல இருக்கற சீட்டுல முதல் மூணு எக்ஸான விட்டுட்டான்னு வைங்க, என்ன மிஞ்சும்? "மோட்டார போடு." எழுத்துப்பிழை இல்ல, இலக்கணப்பிழை இல்ல, சீட்டும் அதே சீட்டுதான், ஆனா நிபந்தனை போயிடுச்சு. தொட்டி ரொம்பி மொட்டமாடில தண்ணி கொட்டினாலும் மோட்டார் ஓடும். இத மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல இதே கதை கட்டிக்குள்ள வரப்போகுது.

இப்படி ஒரே ஜீன்ல இருந்து வேற வேற எக்ஸான சேத்து வேற வேற புரதம் செய்றதுக்குத்தான் ஆல்டர்நேட்டிவ் ஸ்ப்ளைசிங்னு பேரு. தமிழ் இலக்கணம் படிச்சவங்களுக்கு இது புதுசே இல்ல, பத்தாங்கிளாஸ்ல பொதுமொழின்னு படிச்சோம்ல, தாமரைன்னு சேத்து படிச்சா பூ, தா மரைன்னு பிரிச்சா தாவுற மான், பலகை ஓசையும் பல கை ஓசையும் ஒரே எழுத்து வரிசைதான். காளமேகம் இத வச்சு ஊரையே கிண்டல் பண்ணிட்டு போனாரு, நம்ம செல்லுங்க இத வச்சு உடம்பையே கட்டுது. புரதம் செய்ற ஜீன் மனுஷனுக்கு சுமாரா 20,000, மண்ணுல நெளியற ஒரு மில்லிமீட்டர் புழு ஒண்ணுக்கும் ஏறக்குறைய அதே 20,000. அப்புறம் எப்படி நாம மனுஷன், அது புழுங்கறதுக்கு ஒரு பெரிய காரணம் இந்த வெட்டி ஒட்டுற வேலைதான், ஒண்ணுக்கு மேல எக்ஸான் உள்ள நம்ம ஜீன்கள்ல 100க்கு 95 இப்படி பல விதமா வெட்டப்படுதுன்னு 2008ல கணக்கு போட்டு சொன்னாங்க.

உடம்புல இத ரொம்ப அதிகமா பயன்படுத்துற எடங்கள்ல முன்னாடி நிக்கிறது நரம்பு. நரம்பு செல்லுல மட்டும் சேக்குற மைக்ரோ எக்ஸான்னு இருக்கு, 3 எழுத்துல இருந்து 27 எழுத்து வரைக்கும்தான் நீளம், அவ்ளோ சின்னத விடாம பிடிச்சு சேக்கணும். குட்டி நரம்பு செல்லு பெரிய நரம்பு செல்லா வளர்றப்போ நூத்துக்கணக்கான ஜீன்ல வெட்டு மாறும். இப்ப யோசிச்சு பாருங்க, நியூரோபிளாஸ்டோமாங்கறதே வளர மறந்த நரம்பு செல்லு. வளர்றதுக்கு வெட்டு மாறணும்னா, வளராம நின்னுபோன செல்லுல வெட்டு எப்படி இருக்கும்? சின்னப்பிள்ளை வெட்டாவே இருக்கும். இத சந்தேகமா விடாம அளந்தும் பாத்திருக்காங்க, 2011ல வந்த ஒரு ஆய்வுல கட்டியோட கட்டத்த பொறுத்தும், அடுத்து சொல்லப்போற என்-மிக் ஜீன் பெருகி இருக்கா இல்லையாங்கறத பொறுத்தும் வெட்டு முறை தனித்தனியா இருக்குன்னு தெரிஞ்சுது.

சரி, மோட்டார் கதைக்கு வருவோம். எனக்கு இந்த முழு விஷயத்துலயும் ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ரீட்டா லெவி-மோன்டால்சினின்னு இத்தாலிக்கார அம்மா ஒருத்தங்க, டூரின் ஊர்ல யூதக் குடும்பம், முசோலினி 1938ல கொண்டுவந்த சட்டத்தால வேலை போச்சு, அந்தம்மா சும்மா இருக்கல, படுக்கையறையில லேப் வச்சு கோழிமுட்டைக் கருவுல நரம்பு எப்படி வளருதுன்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. போர் முடிஞ்சு அமெரிக்கா போய், நரம்ப வளர வைக்கிற ஒரு பொருள கண்டுபிடிச்சாங்க, அதுக்கு பேர் நெர்வ் குரோத் ஃபேக்டர், சுருக்கமா என்ஜிஎஃப். 1986ல ஸ்டான்லி கோஹனோட சேத்து நோபல் கிடைச்சுது. இந்த என்ஜிஎஃப் வந்து கதவத் தட்டினா அத கேக்குறதுக்கு நரம்பு செல்லு மேல ஒரு காது இருக்கணும்ல, அந்த காதுதான் ட்ரக்-ஏங்கற புரதம். பாதி செல்லுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், பாதி உள்ள. வெளிய என்ஜிஎஃப் வந்து ஒட்டினா ரெண்டு ட்ரக்-ஏ பக்கத்துல பக்கத்துல வந்து ஜோடி சேரும், ஜோடி சேந்தாத்தான் உள்பக்கம் சுவிட்ச் போடும், "வளந்து பெரிய நரம்பா ஆயிடு"ன்னு சிக்னல் போகும்.

1993ல ஜப்பான் டாக்டர் அகிரா நாககவாராவும் அவரோட இருந்தவங்களும் நியூரோபிளாஸ்டோமா கட்டியில ட்ரக்-ஏ நிறைய இருந்தா அந்த குழந்தை பிழைக்கறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம்னு சொன்னாங்க. புரியுது, காது நல்லா கேக்குற பிள்ளை சொன்னத கேட்டு வளரும். அப்ப ட்ரக்-ஏ நல்லவன். முடிஞ்சுதா?

முடியல. 2004ல இத்தாலில லாக்குய்லா ஊர்ல இருக்கற ஒரு குழு, முன்னேறின கட்டத்துல இருக்கற கட்டிகள்ல அதே ட்ரக்-ஏ ஜீன்ல இருந்து வேற ஒரு வெட்டு வர்றத பாத்தாங்க. ஏற்கனவே ரெண்டு வெட்டு தெரிஞ்சதுதான், ட்ரக்-ஏ ஒண்ணு, ட்ரக்-ஏ ரெண்டு, இதுங்களுக்குள்ள வித்தியாசம் 9வது எக்ஸான் மட்டும், வெறும் 18 எழுத்து, மூணு எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம் (புரதங்கற மாலையில கோக்குற மணி), அதாவது ஆறே ஆறு அமினோ அமிலம், ரெண்டுமே ஒழுங்கான பிள்ளைங்க. புதுசா பாத்த ட்ரக்-ஏ மூணுல 6வது எக்ஸான் இல்ல, 7வது இல்ல, 9வதும் இல்ல. வெட்டின அளவு மூணு மூணு எழுத்து கணக்குக்கு சரியா உக்காந்துட்டதால மிச்ச வாக்கியம் குழம்பல, புரதம் முழுசா வருது, உள்பக்க சுவிட்ச் பத்திரமா இருக்கு. போனது வெளிப்பக்கத்துல ஒரு துண்டு. அந்த துண்டுக்கு என்ன வேலைன்னா, என்ஜிஎஃப் வராதப்போ ரெண்டு ட்ரக்-ஏ தானா போய் ஒட்டிக்காம தள்ளி நிறுத்துறது. அதாவது "தொட்டி காலியானா மட்டும்". அது போயிடுச்சு. இப்ப யாரும் தட்டாமலேயே ஜோடி சேருது, மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. இன்னொண்ணு, அந்த துண்டுல சர்க்கரை ஒட்டுற எடங்களும் போயிட்டதால இந்த மூணாவது ட்ரக்-ஏ செல்லு மேல வந்து நிக்கறதே இல்ல, உள்ளயே அடைஞ்சு கிடந்து அங்கிருந்தே சிக்னல் விடுது. அனுப்புற சிக்னலும் "வளந்து அடங்கு" இல்ல, "சாகாம இரு, பெருகு"ங்கற வகை. அது பத்தாதுன்னு ஒழுங்கான ட்ரக்-ஏ என்ஜிஎஃப் கேட்டு அனுப்புற நல்ல சிக்னலையும் இது கெடுக்குது.

ஒரே ஜீன். எழுத்துப்பிழை ஒண்ணு கூட இல்ல. ஒரு வெட்டு குழந்தைய காப்பாத்துது, இன்னொரு வெட்டு கட்டிய வளக்குது. டிஎன்ஏ டெஸ்ட்ல ட்ரக்-ஏ ஜீன பாத்தா "நார்மல்"னுதான் வரும், அது பொய்யும் இல்ல. கட்டியில ட்ரக்-ஏ எவ்ளோ இருக்குன்னு மொத்தமா அளந்தாலும் நல்லதும் கெட்டதும் கலந்த கணக்குதான் வரும். எந்த வெட்டு எவ்ளோன்னு தனியா பாத்தாத்தான் கதை தெரியும்.

இந்த மூணாவது வெட்டு எங்கிருந்து வந்துச்சுன்னா, கட்டி புதுசா கண்டுபிடிச்சது இல்ல. கருவுல நரம்பா மாறப்போற சின்ன செல்லுங்ககிட்ட இது இயல்பாவே இருக்கு, அந்த நேரத்துல பெருகறதுதானே வேலை. ஆக்ஸிஜன் குறைஞ்சாலும் இந்த வெட்டு ஏறும், கட்டிக்கு நடுவுல எப்பவுமே மூச்சுமுட்டலாத்தான் இருக்கும். கருவுல சில நாளைக்கு போட்டுட்டு பீரோவுல வைக்க வேண்டிய சட்டைய இந்த செல்லு ரெண்டு வயசுலயும் போட்டுக்கிட்டு திரியுது.

இப்ப அடுத்த கேள்வி, கத்தரிக்கோல் யார் கையில இருக்கு? எந்த எக்ஸான வைக்கணும் எத விடணும்னு தீர்மானிக்கறதுக்குன்னே தனியா புரதங்கள் இருக்கு, ஸ்ப்ளைசிங் ஃபேக்டர்னு சொல்வாங்க. ஆர்என்ஏ மேல அங்கங்க போய் உக்காந்து, ஸ்ப்ளைசோசோம "இங்க வா"ன்னு கூப்பிடும், இல்ல "இந்தப் பக்கம் வராத"ன்னு மறைக்கும். இதுங்க அளவு கொஞ்சம் கூடிக்குறைஞ்சாலே ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான ஜீன்ல வெட்டு மாறிடும்.

நியூரோபிளாஸ்டோமால இந்த கத்தரிக்கோல் கூட்டத்துக்கு மேஸ்திரி யாருன்னா என்-மிக். 1983ல இந்த கட்டியிலதான் இத முதல்ல பாத்தாங்க, பேர்ல இருக்கற "என்"னே நியூரோபிளாஸ்டோமாதான். சாதாரணமா ஒரு செல்லுல ரெண்டு காப்பி இருக்கணும், சில கட்டியில 50, 100, அதுக்கும் மேல போகும். அஞ்சுல ஒரு குழந்தைக்கு இப்படி இருக்கும், அப்படி இருந்தா டாக்டருங்க உடனே ஆபத்தான வகைல சேத்துடுவாங்க. என்-மிக் மத்த ஜீன்கள தட்டி எழுப்புற புரதம், அதுதான் அதோட வேலை. 2016ல அமெரிக்காவுல ஜாவித் கான் குழு கட்டிகளோட ஆர்என்ஏவ முழுசா படிச்சு பாத்தப்போ, என்-மிக் நேரா போய் பிடிபிபி1, எச்என்ஆர்என்பிஏ1னு ரெண்டு ஸ்ப்ளைசிங் ஃபேக்டரோட ஜீன் வாசல்ல உக்காந்து அதுங்கள அதிகமா செய்ய வைக்குதுன்னு தெரிஞ்சுது. பேரு வாயில நுழையாது, விடுங்க, கத்தரிக்கோல் பிடிக்கற ரெண்டு ஆளுன்னு வச்சுக்கோங்க. இந்த ரெண்டும் அதிகமா இருக்கற குழந்தைங்களுக்கு நோய் முடிவும் மோசமா இருந்துச்சு.

அந்த ரெண்டு ஆளும் செய்ற ஒரு வெட்ட மட்டும் பாப்போம். சர்க்கரைய உடைச்சு சக்தி எடுக்கற பாதையில பிகேஎம்னு ஒரு ஜீன். அதுல 9வது எக்ஸானும் 10வது எக்ஸானும் சக்களத்தி மாதிரி, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்காது. 9 வந்தா பிகேஎம்1, தசை மூளைன்னு வளந்து முடிச்ச எடத்துக்கு. 10 வந்தா பிகேஎம்2, கருவுக்கும் வேகமா பெருகற செல்லுக்கும். ரெண்டு புரதத்துக்கும் 22 அமினோ அமிலம்தான் வித்தியாசம். இந்த ரெண்டு ஆளும் 9வது எக்ஸான் பக்கத்துல போய் உக்காந்து அத மறைச்சிடுவாங்க, வேற வழியில்லாம 10 வரும். பிகேஎம்2 வந்தா செல்லு சர்க்கரைய முழுசா எரிச்சு சக்தியாக்காம, புது செல்லு கட்டறதுக்கு வேண்டிய கல்லு மண்ணா திருப்பி விடுது. லேப்ல அந்த ரெண்டு ஃபேக்டரையோ பிகேஎம்2வையோ குறைச்சா நியூரோபிளாஸ்டோமா செல்லுங்க வளர்றதும் குறைஞ்சுது.

இப்ப பாருங்க, என்-மிக் காப்பி கூடினது டிஎன்ஏல நடந்த மாற்றம்தான், அது டெஸ்ட்ல தெரியும். ஆனா அதோட விளைவு பிகேஎம் ஜீன்ல ஒரு எழுத்தக்கூட தொடாம நடக்குது. அதனால ஸ்ப்ளைசிங்தான் நியூரோபிளாஸ்டோமாவுக்கு காரணம்னு நான் சொன்னதா யாரும் எடுத்துக்காதீங்க, க்ரோமோசோம் துண்டு போறது, ஏ-எல்-கே மாற்றம்னு பல கைங்க இதுல இருக்கு. ஸ்ப்ளைசிங் அந்த கைங்க பயன்படுத்துற ஒரு கத்தரிக்கோல்.

வெட்டு தப்புன்னா மருந்து குடுத்து வெட்ட திருத்த முடியாதான்னு கேப்பீங்க. முடியும்னு வேற ஒரு குழந்தை நோய்ல காட்டிட்டாங்க. எஸ்எம்ஏன்னு தசை வலுவிழக்கற நோய், நம்ம ஊர்ல 16 கோடி ஊசின்னு செய்தியில பணம் திரட்டினாங்களே, அந்த நோய்தான். அந்த 16 கோடி ஊசி புது ஜீன உள்ள அனுப்பற வகை. அதுக்கு முன்னாடியே 2016 கடைசில நுசினெர்சன்னு ஒரு மருந்து வந்துச்சு, அது எஸ்எம்என்2ங்கற ஜீன்ல விட்டுப்போற 7வது எக்ஸான விடாம சேக்க வைக்கும், முதுகுத்தண்டு நீர்ல ஊசியா போடுவாங்க. ஒரு எக்ஸான், ஒரு ஜீன், குழந்தை பிழைக்குது.

கேன்சர்ல அவ்ளோ சுலபம் இல்ல, நூத்துக்கணக்கான வெட்டு ஒண்ணா மாறிக் கிடக்கும்போது எத திருத்துறது. அதனால சில பேர் வேற மாதிரி யோசிச்சாங்க: வேகமா பெருகற செல்லுக்கு வெட்டு வேலை எக்கச்சக்கம், அப்ப கத்தரிக்கோலையே மழுங்க வச்சா முதல்ல அடி வாங்கறது அதுதானே. ஸ்ப்ளைசோசோமையே பிடிச்சு நிறுத்தற ஈ7107ங்கற மருந்த பெரியவங்களுக்கு குடுத்து பாத்தாங்க, சிலருக்கு கண் நரம்பு பாதிச்சு பார்வை போச்சு, நிறுத்திட்டாங்க. நல்ல செல்லுக்கும் கத்தரிக்கோல் வேணுமே, என்ன செய்ய.

அடுத்து இண்டிசுலாம்னு ஒரு பழைய மருந்து, பெரியவங்க கேன்சருக்கு குடுத்து பாத்து பெருசா எடுபடாம மூலையில கிடந்தது. அது என்ன செய்யுதுன்னு 2017லதான் புரிஞ்சுது: ஆர்பிஎம்39ங்கற ஸ்ப்ளைசிங் ஃபேக்டர பிடிச்சு, செல்லோட குப்பைத்தொட்டிக்கு கையக் காட்டி விடுது, செல்லே அத உடைச்சு போட்டுடுது. எந்தெந்த கேன்சர் செல்லு இதுக்கு அதிகமா அடங்குதுன்னு பாத்தா நியூரோபிளாஸ்டோமா முன்வரிசைல நின்னுச்சு. 2021லயும் 2022லயும் அமெரிக்காவுலயும் லண்டன்லயும் தனித்தனியா எலிங்களுக்கு குடுத்து பாத்தாங்க, கட்டி முழுசா கரைஞ்சுது. எலிக்கு கரைஞ்சா குழந்தைக்கு கரையும்னு அர்த்தம் இல்ல, எலிய குணப்படுத்தின கேன்சர் மருந்துங்க லாரி லாரியா இருக்கு, அதனால இந்த பேர எழுதிக்கிட்டு போய் டாக்டர்கிட்ட கேக்காதீங்க. ஆனாலும் சும்மா கிடந்த மருந்து இந்த சின்னப்பிள்ளைங்க நோய்க்கு வேலை செய்யலாம்னு வழி தெரிஞ்சதே வெட்டு வேலைய புரிஞ்சுக்கிட்டதாலதான்.

அப்ப வெட்ட பாக்குற டெஸ்ட் ஏன் எல்லாருக்கும் எடுக்கறதில்லன்னு அக்கா கேட்டாங்க. அதுக்கு டிஎன்ஏ பத்தாது, கட்டியோட ஆர்என்ஏ வேணும், ஆர்என்ஏவ வச்சு காப்பாத்தறது பெரிய தொல்லை. காலேஜ்ல ஒரு தடவ ஆர்என்ஏ எடுக்கற ப்ராக்டிகல்ல நான் கிளவுஸ் போடாம ட்யூப் மூடிய தொட்டுட்டேன், சாயங்காலம் ஜெல்ல ஓட்டி பாத்தா கோடு கோடா தெரிய வேண்டிய எடத்துல கீழ வரைக்கும் இழுசின மாதிரி ஒரு கறை, அவ்ளோதான். நம்ம விரல்லயே ஆர்என்ஏவ தின்னுற நொதி இருக்கு. பயாப்ஸி எடுத்த துண்ட உடனே உறைய வச்சாத்தான் நல்லா கிடைக்கும், வழக்கமா ஃபார்மலின்ல போட்டு மெழுகுக்கட்டியில வைக்கறதுல ஆர்என்ஏ துண்டு துண்டா நொறுங்கிடும். நொறுங்கின துண்ட படிச்சு 7வது எக்ஸான் 8வதோட ஒட்டியிருந்துச்சா 5வது போய் 8வதோட ஒட்டியிருந்துச்சான்னு கண்டுபிடிக்கறது கிழிஞ்சு போன பஞ்சாங்கத்துல நல்ல நேரம் பாக்குற மாதிரி. முழு ஆர்என்ஏவையும் ஒரே நீட்டுல படிக்கற மெஷின் இப்ப வந்திருக்கு, ஆராய்ச்சிக்கு நல்லா உதவுது.

அக்காகிட்ட நான் கடைசில சொன்னது ரெண்டே விஷயம். ரிப்போர்ட் தப்பு இல்ல, மியூட்டேஷன் இல்லைன்னு வந்ததுக்காக வேற லேப்ல போய் திரும்ப காசு கட்ட வேணாம். அடுத்த தடவ டாக்டர பாக்கும்போது என்-மிக் பெருகி இருக்கான்னு தனியா பாத்தாங்களா, ரிசல்ட் என்னன்னு கேளுங்க, இப்போதைக்கு சிகிச்சைய தீர்மானிக்கறதுல அதுக்குத்தான் பெரிய பங்கு. ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: பாத்தாச்சாம், பெருகல. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், "அந்த தொட்டி மோட்டார் கதைய என் தங்கச்சிக்கும் ஒரு தடவ சொல்றியாப்பா, நான் சொன்னா மாத்தி சொல்லிடுவேன்." நடுவுல ஒரு வார்த்த விட்டா அர்த்தமே மாறிடும்னு அக்காவுக்கு புரிஞ்சிடுச்சு போல.